முன்சீட்டில் இருந்தவர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். முடியளவு பிசகைக் கண்ணால் பிடித்துத்தான் இருபத்திரண்டு வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன். இல்லாததை இருப்பதாகப் பார்க்கிற கண் என்னுடையது அல்ல. நடந்ததை, நடந்த நேரத்தோடு அப்படியே எழுதுகிறேன்.

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். மதியம் ஒரு மணிக்குப் படுத்தால் ஐந்து மணிக்குத்தான் எழுப்புவார்கள். வெளியே வரும்போது பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பாள். வாடகை வண்டிக்காரர்கள் அவள் முகத்தைப் பார்த்ததுமே, "வாந்தி எடுப்பாங்களா சார்?" என்று கேட்பார்கள். ஒருநாள் ஒருவர் நடுவழியில் இறக்கியே விட்டுவிட்டார். அன்றைக்கு முடிவு செய்தேன். சின்னதாகவாவது சொந்தமாக ஒரு கார் வேண்டும்.

புதுசா, பழசா? வீட்டில் இரண்டு வாரம் இதே பேச்சு. அவள் தம்பி ஒற்றைக் காலில் நின்றான். "புதுசே எடுங்க மாமா. பழைய வண்டி எடுக்கிறது, அடுத்தவன் தலைவலிய காசு குடுத்து வாங்குற மாதிரி."

சரி என்று இரண்டு பேரும் ஷோரூமுக்குப் போனோம். கண்ணாடிக்குள் நிறுத்தியிருந்த சின்னக் காரில் அவள் ஏறி உட்கார்ந்தாள். புது வண்டி வாசனையை மூச்சிழுத்தாள். சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து மாதக் கணக்காகியிருந்தது.

"இந்த மாடலுக்கு நாலு மாசம் வெயிட்டிங் இருக்கு மேடம்" என்றாள் விற்பனைப் பெண்.

என் மனைவி கதவை மெல்லத் தடவிவிட்டு இறங்கினாள். படியில் என் தோளைப் பிடித்தபடி சொன்னாள்.

"ஏங்க, பழசே பாத்துடுங்க."

"ஏன், பிடிக்கலையா?"

"ரொம்பப் பிடிச்சிருக்கு. நாலு மாசம்ங்கிறாங்களே..."

பத்து நாளுக்கு முன்பு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு கணக்குச் சொல்லியிருந்தார். அதை நான் அவளிடம் மறைத்திருந்தேன். மறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

தரகர் ஒரு வண்டி கொண்டுவந்தார். வெள்ளை நிறம், ஆறு வருடப் பழசு. என்னோடு வந்த மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். "ஒரே ஆள் ஓட்டின வண்டி சார். அடிபட்ட தடயமே இல்ல. கண்ண மூடிட்டு எடுங்க."

ஓட்டிப் பார்த்தேன். தரகர் பின்னால் ஏறினார்.

"முன்னாடி வாங்களேன்."

"இல்ல சார். இங்கயே இருக்கேன்."

தெருமுனை தாண்டியதும் சத்தம் வந்தது. டிங்... டிங்... டிங்... முன்சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று விளக்கு எரிந்தது. முன்சீட்டில் யாரும் இல்லை.

"சென்சார் கோளாறு சார். சின்ன விஷயம்" என்றார் தரகர். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

பிறகு மெக்கானிக் அந்த சென்சாரைக் கழற்றிப் பார்த்தார். கோளாறு எதுவும் இல்லை. எனக்கு அவசரம். வாங்கிவிட்டேன்.

முதல் பயணம், திங்கட்கிழமை மதியம் 12.20. மனைவி முன்சீட்டில் உட்கார்ந்தாள். சத்தம் ஏதும் இல்லை. பாதி வழியில் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"ஏசியக் குறைங்களேன். குளுருது."

நான் ஏசி போடவே இல்லை.

மாலை 4.55-க்கு நர்ஸ் போன் செய்தார். "முடிஞ்சிருச்சு. வண்டிய வாசலுக்குக் கொண்டு வாங்க."

கார் ஆஸ்பத்திரியின் இரண்டாவது கீழ்த்தளத்தில் நின்றது. வெளியே நல்ல வெயில். ஆனால் அந்தத் தளத்துக்குப் பகலும் ஒன்றுதான், ராத்திரியும் ஒன்றுதான். ஒரே ஒரு குழல்விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. எங்கோ தண்ணீர் சொட்டியது. என் செருப்புச் சத்தம் எனக்கே இரண்டு முறை கேட்டது.

5.06. கதவைச் சாத்தினேன். சாவியைத் திருப்பினேன்.

டிங்... டிங்... டிங்...

அணைந்துவிடும் என்று காத்திருந்தேன். அணையவில்லை.

சர்ர்ர்...

திரும்பினேன். முன்சீட்டு பெல்ட் மெதுவாக வெளியே வந்துகொண்டிருந்தது. யாரோ நிதானமாக இழுப்பது போல. பாதியில் சிக்கி நின்றது. கொஞ்சம் பின்னால் போனது. மறுபடியும் வந்தது.

கிளிக்.

சத்தம் நின்றது.

பெல்ட் தொய்ந்து கிடக்கவில்லை. காற்றில் வளைந்து நின்றது. ஒரு தோள் மேல், ஒரு மார்பு மேல் கிடப்பது போல.

அந்தப் பக்கக் கண்ணாடியில் கையகலத்துக்கு ஆவி படிந்தது.

மறைந்தது...

மறுபடியும் படிந்தது.

மூச்சு.

எனக்கு ஓடத் தோன்றவில்லை. மேலே அவள் காத்திருக்கிறாள் என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, வண்டியை நகர்த்தினேன். சரிவில் ஏறும்வரை பக்கத்தில் திரும்பவில்லை.

5.11. வாசல். சக்கர நாற்காலியைத் தள்ளிவந்த நர்ஸ் முன்கதவைத் திறந்தார். என் மனைவி எழுந்தாள். ஒரு கணம் உள்ளே பார்த்தாள். பிறகு நர்ஸிடம் சொன்னாள்.

"பின்னாடி திறந்து விடுங்கம்மா. நான் அங்க உக்காந்துக்கிறேன்."

நான் கியரைப் போட்டேன்.

வண்டி பெரிய சாலைக்கு வந்தது. பின்னாலிருந்து அவள் குரல். சின்னக் குரல்.

"ம்... ஆமா... எனக்கும் அப்படித்தான், கால் பிடிச்சு இழுக்கும்... ம்..."

"யார்கிட்ட பேசுற?"

"இவங்ககிட்டதான்."

நான் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை.

வீட்டு வாசலில் 5.48. கிளிக். பெல்ட் தானாகக் கழன்று உள்ளே ஓடியது.

அவளைக் கட்டிலில் சாய்த்தேன். தண்ணீர் கொடுத்தேன். ஒரு மடக்குத்தான் குடிக்கலாம், அதை அளந்து கொடுத்தேன். அப்புறம்தான் கேட்டேன்.

"யாரு அது?"

"தெரியல. நல்ல மாதிரிங்க. அவங்க கையிலயும் என்ன மாதிரியே ஊசித் தழும்பு."

"என்ன சொன்னாங்க?"

அவள் சுவரைப் பார்த்தாள். முகத்தில் பயமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இன்னும் மூணு தடவைதானாம். அப்புறம் ஊசி கிடையாதாம்."

அன்றோடு காரைப் பூட்டினேன். சாவியை அரிசி டப்பாவுக்குள் புதைத்தேன். புதன்கிழமை வாடகை வண்டி. வெள்ளிக்கிழமை வாடகை வண்டி. திங்கட்கிழமையும் அப்படியே. "கார் எங்க மாமா?" என்று தம்பி கேட்டான். ரிப்பேர் என்றேன்.

அந்தத் திங்கட்கிழமை மாலை 4.20-க்கு மெஷின் கத்தியது.

நர்ஸ் ஓடினார். இன்னொருவர் ஓடினார். திரையை இழுத்தார்கள்.

4.41-க்குத் திரையை விலக்கினார்கள்.

நான் அவள் கையைப் பிடித்தேன். ஊசியை ஏற்கனவே எடுத்திருந்தார்கள்.

ஒரு மாதம் கழித்து, வண்டிப் பத்திரத்தில் பழைய சொந்தக்காரர் ஒரு கையெழுத்து போட வேண்டியிருந்தது. தரகர் விலாசம் கொடுத்தார். இரண்டு அறை வீடு. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், தனி ஆள். கையெழுத்துப் போட்டார். நான் எழுந்திருக்கவில்லை.

"சார், அந்த வண்டியில யாராவது இறந்துபோனாங்களா?"

"இல்ல."

"உங்க வீட்டம்மா...?"

"அவளுக்காகத்தான் வாங்கினேன். டயாலிசிஸ் போக வர. புதுசுதான் வேணும்னு புக் பண்ணோம். வண்டி கைக்கு வந்தது, அவ போய் ஒன்பதாவது நாள்." பேனாவை மூடினார். "அவ அந்த வண்டியக் கண்ணால கூடப் பாத்ததில்ல சார்."

என்னால் அடக்க முடியவில்லை. அந்த முதல் திங்கட்கிழமை நடந்ததைச் சொன்னேன். பெல்ட், மூச்சு, பின்சீட்டிலிருந்து என் மனைவி பேசியது, எல்லாவற்றையும். அவர் திடுக்கிடவில்லை. கடைசிவரை கேட்டார். பிறகு மேசைக்கு மேல் எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். கை சில்லென்று இருந்தது.

"பேசினாளா?"

எனக்குப் புரியவில்லை.

"உங்க வீட்டம்மாகிட்ட அவ பேசினாளா?" என்றார். "ஆறு வருஷம் சார். தினமும் என் பக்கத்துலதான் உக்காந்திருந்தா. என்கிட்ட ஒரு வார்த்தை பேசல."