டயர் அச்சு நின்ற இடம்

என் சிறு வயதில் ஒரு நாள், மாலை நான்கு இருபது. அன்று எங்கள் வீட்டில் எல்லாம் தப்பாகப் போகத் தொடங்கிய நேரம் அதுதான்.

நேற்று சிங்கப்பூரில், எங்கள் புக்கிட் பாத்தோக் வீட்டில், என் மகன் பிய்ந்த சப்பாத்தின் அடியில் ரப்பர் பசை தடவினான். அந்த வாடை வந்ததும், "மறுபடி பிஞ்சா பரவாயில்லடா, நேரா வீட்டுக்கு வந்துடு" என்றேன். அவன் சிரித்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். எங்கள் சப்பாத்து தேய்ந்தால் அப்பா பழைய சைக்கிள் டயரை வெட்டி அடியில் ஒட்டுவார். நடந்தால் ஈரத்தில் டயர் அச்சு விழும். "தம்பி, பிரேக் இருக்கா லா?" என்று கடைக்காரர்கள் கேலி செய்வார்கள். பசையைச் சற்றுக் காயவிட்டுத்தான் டயரை அழுத்த வேண்டும். அன்று காலை தம்பியின் சப்பாத்தை ஒட்டியபோது, பள்ளிக்கு நேரமாகிவிட்டதால் அப்பா காயவிடவில்லை.

நான்கு இருபதாகியும் ஆறு வயதுத் தம்பி பள்ளியிலிருந்து வரவில்லை. அப்பாவும் நானும் தேடிப் போனோம். மழைச் சேற்றில் டயர் அச்சு கால்வாய் ஓரம்வரை போய் நின்றிருந்தது. அதற்கப்பால் யார் யாருடையவோ வெறுங்கால் தடங்கள்தான். கால்வாய் நிறைந்து ஓடியது. அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் இறங்கினார். மார்பளவுத் தண்ணீரில் கையால் துழாவினார். பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை.

அப்போது சலவைக்காரர் முனியாண்டி, தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, மேல வாங்க! ஒட்டின டயர் பிஞ்சு தண்ணியில போயிடுச்சாம். நீங்க அடிப்பீங்கன்னு சப்பாத்தைக் கழட்டிக்கிட்டு என் துணி மூட்டைக்குப் பின்னால ஒளிஞ்சிருந்தான்."