ஜன்னலோர மேசைக்குப் போன அறிவிப்பு

எங்கள் விளம்பர ஆபீஸில் அவருக்குக் கலர் அக்கா என்று பெயர். ஸ்கூட்டர்களின் நிறங்களுக்குப் பெயர் வைப்பது அவர் வேலை. வெறும் நீலத்தை ‘மழைநீலம்’ என்பார், இளஞ்சிவப்பை ‘முதல் வெட்கம்’ என்பார். வெட்கப்படுகிற ஸ்கூட்டரை யாராவது பார்த்திருக்கிறீர்களா? ஆனாலும் சக்கைப்போடு போட்டது.

ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. பெண்கள் வார இதழுக்குப் போகிற விளம்பரமெல்லாம் கதவோரம் இருந்த எங்கள் மேசைகளில்தான் தயாராகும். நிறம், கண்ணாடி, சீட்டுக்கு அடியில் கைப்பை வைக்க இடம், அவ்வளவுதான். எஞ்சின், பிரேக் என்று மூச்சு விட்டால் மேனேஜர் அந்த வரியையே அடித்துவிடுவார். பெண்களுக்குப் புரியாதாம், பயந்துவிடுவார்களாம். அதெல்லாம் ஜன்னலோர ஆண்களின் சமாச்சாரம். ஆண்கள் வாங்கும் மோட்டார் மாத இதழுக்கு அவர்கள் எழுதுவார்கள். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரு தண்ணீர் கேன். பேச்சு வார்த்தை எல்லாம் அங்கே தண்ணீர் பிடிக்கும்போதுதான்.

கலர் அக்காவுக்குத் தங்கை என்றால் உயிர். அம்மா இல்லாத வீட்டில் தலைவாரி, சோறூட்டி வளர்த்தவர். அந்தத் தங்கை கணவனோடு மல்லுக்கு நின்று ஒரு ஸ்கூட்டர் வாங்கினாள். அக்கா பெயர் வைத்த வண்டிதான் வேண்டும் என்று அடம்பிடித்து மழைநீலமே வாங்கினாள். அன்று அக்கா ஆபீஸ் முழுக்கக் கேக் கொடுத்தார், ஜன்னலோரத்துக்கும் சேர்த்து.

வருஷம்கூடத் திரும்பவில்லை. இறக்கத்தில் லாரி குறுக்கே வந்தது, வண்டி நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் கணவன், பொம்பளைக்கு வண்டி வேண்டாம் என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேனே என வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். நினைவு வந்த கொஞ்ச நேரத்தில் தங்கை அக்காவின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

“பிரேக்கைப் பிடிச்சேன்கா. எனக்குத்தான் சரியாப் பிடிக்கத் தெரியலை போலிருக்கு. அவர்கிட்ட மன்னிச்சிடச் சொல்லு.”

மறுநாள் அக்கா லீவு சொல்ல ஆபீஸுக்கு வந்தார். தண்ணீர் பிடிக்க வந்த ஜன்னலோரத்துக்காரர் என்ன ஆயிற்று, எந்த வண்டி என்று விசாரித்தார். அக்கா சொன்னதும் அவர் முகம் வெளுத்துப்போனது.

“அந்த வண்டியா? முன் பிரேக் கேபிள் அறுந்துபோகுது, உடனே சர்வீஸுக்குக் கொண்டாங்கன்னு கம்பெனி அறிவிப்பு குடுத்துச்சே. போன மாசமே போட்டோமே.”

“எதுல போட்டீங்க?”

“மோட்டார் இதழ்லதான். டெக்னிக்கல் சமாச்சாரமாச்சே.”

“அதை எந்தப் பொம்பளை படிக்கிறா?”

அவர் தன் மேசையிலிருந்து அந்த இதழை எடுத்துவந்து பக்கத்தைக் காட்டினார். பாவம், கெட்ட மனுஷர் இல்லை, வழக்கப்படி செய்திருக்கிறார். எனக்குத்தான் அந்தத் தண்ணீர் கேனைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போல ஆத்திரம் வந்தது. இத்தனைக்கும் அந்த மேசை எங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

இதழைப் பிடுங்கிக்கொண்டு அக்கா ஓடினார், பின்னாலேயே நானும். உன்மேல் தப்பில்லை என்ற ஒரு வார்த்தையைத் தங்கையின் காதில் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. நாங்கள் போய்ச் சேருவதற்குள் அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. அக்கா கட்டில்மேல் குனிந்து, “நீ சரியாத்தான்டி பிடிச்சே, கண்ணு. சரியாத்தான் பிடிச்சே” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கேட்டதா என்று யாருக்குத் தெரியும்? சாயங்காலம் போய்விட்டாள்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவள் கணவனிடம் அக்கா அந்தப் பக்கத்தை விரித்து நீட்டினார். நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனார். அவன் ஸ்கூட்டர் படத்தையும் கீழே இருந்த அறிவிப்பையும் மாறி மாறிப் பார்த்தான்.

“இந்த புக்கை மாசாமாசம் வாங்கறேன்கா. இந்தப் பக்கத்தையும் பார்த்தேன். லேடீஸ் வண்டிதானேன்னு திருப்பிட்டேன்.”