போயிட்டு வாங்கப்பா

“...மவுஸ்ல மொத்தப் படையையும் வளைச்சு ஒரே கிளிக்ல அனுப்பிருவீக. எவன் போனான், எவன் நின்னான்னு உங்களுக்கே தெரியாதுண்ணே” என்றார் சிறுமலை பஸ் டிரைவர்.

திண்டுக்கல் கேம் சென்டரில், கோட்டை பிடிக்கும் போர் விளையாட்டில், நாங்கள் எதிரெதிர்ப் படை. எனக்குக் கம்ப்யூட்டர், அவருக்குப் பக்கத்து டிவியும் ஜாய்ஸ்டிக்கும். காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்து உட்காருவார். ஒவ்வொரு அணியாகத் தேடிப் பிடித்து, “போயிட்டு வாங்கப்பா” என்று வாய்விட்டுச் சொல்லித்தான் கோட்டையை விட்டு அனுப்புவார். அதற்குள் என் படை பாதி தூரம் வந்துவிடும். மனிதர் என்னை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

அன்று ஜெயிக்க இருந்தார். ஆட்டம் முடியும் நேரம். அவர் தன் கோட்டைக் கதவைச் சாத்தினால் போதும், நேரம் முடிவதற்குள் என்னால் உள்ளே நுழைய முடியாது. ஆனால் அவருடைய வில்லாளிகள் சிலர் இன்னும் வெளியேதான், கோட்டையை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தார்கள். அவர்களை விரட்டிக்கொண்டு பின்னாலேயே என் குதிரைகள்.

“சாத்துங்க தம்பி, ஜெயிச்சிட்டீக!” என்று பொறுக்கமாட்டாமல் நானே கத்திவிட்டேன்.

“வாங்கன்னு சொல்லித்தானண்ணே அனுப்புனேன்” என்றவர், கதவைச் சாத்தாமல் ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டு, அவர்கள் வருவதையே பார்த்திருந்தார்.