செத்தவனுக்கு எழுதிய விடுதலை மனு

பொன்னேரி தாலுக்கா ஆபீஸுக்கு எதிரே உட்கார்ந்து மனு எழுதிப் பிழைத்தவன் நான். பெயர் துளசிராமன். எனக்கு முன்கோபம் என்று ஊரில் சொல்வார்கள், பொய்யில்லை. வந்த விஷயத்தைச் சொல்லாமல் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். கனகாம்பாள் அழவில்லை. அதனாலேயே அன்றைக்கு அவள் மனுவை முதலில் எழுதினேன்.

அது 1971 புரட்டாசி. பழவேற்காடு ஏரியில் படகேறித்தான் போய்ச் சேர முடிகிற ஒரு சின்னக் குப்பம் அவளுடையது. நாற்பது வயதிருக்கும். மீன் கூடை சுமந்து சுமந்து கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தே நின்றுவிட்டது.

"எங்க ஊட்டுக்காரரு மெட்ராஸ் ஜெயில்ல கீறாரு சார். அரசப்பன்னு பேரு. வயித்துல புத்துநோயாம். மூணு மாசம்னு டாக்டர் சொல்லிட்டாரு. சர்க்காருக்கு மனு போட்டா ஊட்டுக்கு வுடுவாங்களாம். அங்க கீற பெரிய ஆபீசரே சொன்னாரு."

"இன்னா கேஸு?"

"கொலை" என்றாள். சுற்றி வளைக்கவில்லை.

வழக்கமான வார்த்தைகளைப் போட்டு எழுதினேன். சமூகம் கருணை கூர்ந்து, எஞ்சிய நாட்களைக் குடும்பத்தாருடன் கழிக்க, இத்யாதி. கருணை என்ற சொல்லை என் வாழ்நாளில் ஆயிரம் தடவையாவது எழுதியிருப்பேன். கை எழுதும், மனசு மத்தியானச் சாப்பாட்டில் இருக்கும். அன்றைக்கும் அப்படித்தான். இல்லாவிட்டால் எதிரே உட்கார்ந்திருந்தவளின் நெற்றியில் பொட்டு இல்லை, கழுத்தில் தாலி இல்லை என்பது என் கண்ணில் பட்டிருக்கும்.

கார்த்திகையில் பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினாள். படித்தேன். 'மனுவில் கண்ட நபர் சுமார் ஐந்தாண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டதாகக் கிராம விசாரணையில் தெரியவருவதால் மனு முடித்து வைக்கப்படுகிறது.'

எனக்கு வந்த கோபத்தில் பேனாவைத் தூக்கி எறிந்தேன். "ஏம்மா, செத்தவனுக்கா என்னை மனு எழுத வச்சே? என்னைப் பாத்தா உனக்குக் கேலியா இருக்குதா?"

"சாவல சார். போன வாரம்தான் பாத்துட்டு வந்தேன்."

"அப்புறம் உங்க ஊர்ல ஏன் செத்துட்டான்னு சொன்னாங்க?"

அப்போதுதான் அவள் விஷயத்தை முழுதாகச் சொன்னாள்.

ஏரியில் மீன் எங்கும் ஒரே மாதிரி கிடைக்காது. நல்ல இடங்கள் கொஞ்சம்தான். அதனால் ஊரில் வருஷத்துக்கு ஒரு முறை பேர் எழுதிய சீட்டுகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். 1963இல் ஒரு நாள், தன் பாடு இருந்த இடத்தில் முனிகிருஷ்ணன் என்பவன் வலை கட்டிவிட்டான் என்று அரசப்பன் சண்டைக்குப் போனான். வலை கட்டும் கழியாலேயே அவன் மண்டையில் அடித்தான். முனிகிருஷ்ணன் அந்தச் சேற்றிலேயே செத்தான். அரசப்பனுக்கு ஆயுள் தண்டனை.

பாடு முறையில் ஒரு குடும்பத்துக்கு ஒரு பேர். தகப்பன் உயிரோடு இருக்கும்வரை மகன் பேர் சீட்டில் ஏறாது. ஏரியில் இறங்க முடியாதவன் பேரும் ஏறாது. ஆக, சிறையில் அரசப்பன் உயிரோடு இருந்தவரை அவன் வீட்டுக்கு ஏரியே இல்லை. கனகாம்பாளும் பிள்ளையும் மூன்று வருஷம் பாதிப் பட்டினி. ஊர்த் தலைவர் பரசுராமன் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். "அவன் எங்கம்மா திரும்பி வரப் போறான்? கருமாதிய முடிச்சுடு. பையன் பேர ஏத்திக்கலாம்." 1966இல் உயிரோடு இருந்தவனுக்கு ஊர் கூடிக் கருமாதி செய்தார்கள். இவள் வளையல் உடைத்தாள், தாலியைக் கழற்றினார்கள், ஊரே சாப்பிட்டது. அந்த வருஷக் குலுக்கலில் பதினைந்து வயது சின்னதுரை பேர் ஏறியது.

"அவருக்குத் தெரியுமா?" என்றேன்.

"எப்டி சார் சொல்றது? ஜெயில்ல மனு போட்டு அவரப் பாக்கப் போறப்ப தாலிய சுருக்குப் பையில வச்சிக்கினு போவேன். ரயிலு எண்ணூர் தாண்டனதும் எடுத்துக் கட்டிக்குவேன். பொட்டு வச்சிக்குவேன். திரும்பி வரப்ப கயிட்டிடுவேன்."

மாசம் ஒரு முறை, ஐந்து வருஷம். எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. பேனாவைத் தேடி எடுத்துக்கொண்டேன்.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் விசாரிக்கப் போனபோது ஊர் சொன்னது பொய் என்று அவர்கள் யாருக்கும் தோன்றவில்லை. கருமாதிச் சோறு சாப்பிட்டவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? ஜெயிலில் ஆள் இருந்தாலும் கிராமத்து ரிப்போர்ட்தான் ஃபைலில் பேசும். இனி அவன் உயிரோடு இருப்பதாக ஊர் எழுதித் தர வேண்டும். அவன் வந்தால் கலகம் வராது என்றும் எழுத வேண்டும். கொலையுண்டவன் மனைவி செல்லியம்மாளின் வாக்குமூலமும் வேண்டும். நான் எதற்கும் யார் வீட்டுக்கும் போகிறவன் இல்லை. அன்றைக்குப் படகேறினேன்.

எல்லையம்மன் கோயில் வாசலில் ஊர் கூடியது. பரசுராமன் நல்ல மனுஷர்தான். "எழுதித் தரலாம். ஆனா அரசப்பன் உசுரோட கீறான்னா, சின்னதுரை பேர சீட்டுலருந்து இன்னிக்கே எடுத்துடணும். ஊருக்கு ஒரு முறை கீதில்ல?" என்றார்.

எனக்குச் சொல்லத் தெரிந்த நியாயத்தையெல்லாம் சொன்னேன். ஆயுள் தண்டனைக்காரனுக்கு ஆயுளே மூன்று மாசம்தான் என்று ஆனபிறகு அவனைப் பூட்டி வைத்து யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்டேன். நன்றாகப் பேசியதாக எனக்கே ஒரு நினைப்பு.

ஓரமாக நின்றிருந்த செல்லியம்மாள் முன்னால் வந்தாள்.

"என் ஊட்டுக்காரருக்கு மூணு மாசம் குடுத்தாரா சார் அவரு? மூணு நிமிசம் குடுக்கல. சேத்துல கெடந்தாரு. ஒரு வாய் தண்ணி ஊத்தறதுக்குள்ள போயிட்டாரு. இவருக்கு மட்டும் பொண்டாட்டி கையால கஞ்சி வேணுமா?"

வாய்ப்பேச்சிலேயே வயிறு வளர்த்தவன் நான். எடுத்து வைத்திருந்த தாளை மடித்துக்கொண்டேன். இன்றைக்கும் இந்த விஷயத்தில் யாராவது என்னிடம் அடித்துப் பேச வந்தால் எனக்குச் செல்லியம்மாள் முகம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

கனகாம்பாள் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளையே பார்த்துக்கொண்டிருந்த செல்லியம்மாள், பரசுராமன் பக்கம் திரும்பினாள்.

"வரட்டும்னும் நான் சொல்ல மாட்டேன் மாமா, வரக்கூடாதுன்னும் சொல்ல மாட்டேன். ஆனா உசுரோட கீறவர செத்துட்டாருன்னு எயுதாதீங்க. அவரும் செத்துட்டாருன்னு கருமாதிச் சோறு போட்டீங்க. நானும் துன்னேன். ரெண்டு சாவும் ஒண்ணாப்பூடுமா? செத்தது என் ஊட்டுக்காரரு ஒருத்தருதான். அத்த எயுதிக்கோங்க."

நான் அதை அப்படியே எழுதிக் கைநாட்டு வாங்கினேன். ஊரும் கேட்டபடி எழுதித் தந்தது. சின்னதுரைக்கு அப்போது இருபது வயது. ஏரியைப் பறிகொடுக்கப் போகிறவன் அவன். முகத்தில் வருத்தம் அப்பட்டமாகத் தெரிந்தது, மறைக்கவும் இல்லை. "நைனா வரட்டும்" என்று மட்டும் சொன்னான். மறுவாரமே கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஏதோ கம்பெனிக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள் என்று மண் வெட்டப் போய்விட்டான்.

சர்க்கார் காகிதம் எப்படி நடக்கும் என்பது எனக்குத் தெரியும். டாக்டர் சொன்ன மூன்று மாசம் முடிந்தது. ஆர்டர் வரவில்லை. கனகாம்பாள் வாரம் ஒரு முறை வந்து நிற்பாள். நான் இல்லை என்று தலையசைப்பேன். அதற்குள் அவள் தாலியும் பொட்டுமாகவே நடமாட ஆரம்பித்திருந்தாள். மாசி மாசத்தில் ஆர்டர் வந்தது. அவனை ரயிலில் ஏற்றி, பஸ்ஸில் படுக்க வைத்து, படகில் பாய் விரித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். பொன்னேரி ஸ்டேஷனில் நானும் ஒரு கை பிடித்தேன். ஆளைக் கொன்ற கை என்று நினைத்துக்கொண்டுதான் பிடித்தேன். அது குழந்தைக் கைபோல் கனமே இல்லாமல் இருந்தது.

பிறகு நான் அவளைப் பார்த்தது வைகாசியில். விடுதலையான கைதி இறந்தால் சர்க்காருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதை எழுதத்தான் வந்தாள்.

"எந்தத் தேதி?"

"சித்திர ஏழு."

"குலுக்கல் என்னிக்கி நடந்தது?"

"சித்திர மூணு" என்றாள்.

என் பேனா நின்றது. குலுக்கலுக்கு முன்னால் போயிருந்தால் பையன் பேர் ஏறியிருக்கும். இனி அடுத்த சித்திரை வரை அவனுக்கு ஏரி இல்லை. அவளிடம் கேட்டேன். குலுக்கல் அன்று காலையில் பரசுராமன் அவள் வீட்டு வாசலுக்கே வந்தாராம்.

"இன்னிக்கோ நாளைக்கோன்னு கீறான் கனகா. மூச்சு நின்னுடுச்சுன்னு நான் சொல்லிடறேன். ஊர்ல ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். பையன் பேர சீட்டுல போட்டுடலாம்" என்றாராம். முதல் தடவை சொன்னது எந்த இரக்கத்திலோ, இதுவும் அதே இரக்கத்தில்தான்.

"நீ இன்னா சொன்னே?"

"ஒருவாட்டி எல்லாரும் சேந்து அவர சாவடிச்சோம். நானும்தான். இன்னொரு வாட்டி மாட்டேன் மாமா, உள்ள வந்து பாருங்க, மூச்சு ஓடுதுன்னேன். அவரு உள்ள வரல. போயிட்டாரு."

எனக்குப் பொறுக்கவில்லை. "நாலு நாள்ம்மா! நாலு நாளுக்கு ஒரு வருசத்த வுட்டுட்டியே. அவருக்கு நெனவாவது இருந்துச்சா?"

"மூணு நாளு இல்ல. நாலாம் நாளு கண்ணத் தொறந்தாரு. சின்னதுரைய பாத்து, 'இன்னாடா, இன்னிக்கி ஏரிக்குப் போவலியா?'ன்னாரு. ஊரு இரக்கப்பட்டு புள்ள பேர ஏத்திட்டாங்கன்னுதான் அவராண்ட சொல்லி வச்சிருந்தேன். அந்தப் பேர எடுத்துட்டது அவருக்குத் தெரியாதே. இவன், 'இன்னிக்கி லீவு நைனா'ன்னான். 'அப்ப பக்கத்துல குந்து'ன்னாரு. குந்தனான் சார். சாயங்காலம் வரிக்கும் எய்ந்துக்கவே இல்ல. அவரு கை அவன் மேலயே கெடந்துச்சு."

சொல்லிவிட்டு அவள் என் கையில் இருந்த தாளைப் பார்த்தாள். "தேதிய சரியா போட்டுடுங்க சார். ஏழு."

ஏழு என்று போட்டேன். எழுத்து சரியாக விழவில்லை. அதன் மேலேயே இன்னொரு தடவை எழுத வேண்டியிருந்தது.