மோவாய்க்கு ஒரு கவசம்

மயிலம் மலையிலிருந்து சைக்கிளில் இறங்கும்போது மணலில் சறுக்கி விழுந்தேன். சாதாரண சைக்கிள் ஹெல்மெட் போட்டிருந்ததால் மண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. மோவாய்தான் தார்ச்சாலையில் மோதிக் கிழிந்தது. தையல் போட்ட டாக்டர், முகத்தையும் சேர்த்து மூடுகிற ஹெல்மெட் சைக்கிளுக்கு வருவதில்லையா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

கஞ்சியைக் குடித்துக்கொண்டு விழுப்புரம் வீட்டில் கிடந்தபோது செல்போனில் அதைத்தான் தேடிப் படித்தேன். ஹெல்மெட்டின் வெளி ஓட்டைப் பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள், ஃபைபர்கிளாஸ் எனும் கண்ணாடி நாரில் செய்கிறார்கள், கார்பன் நாரிலும் செய்கிறார்கள். எது நல்லது என்பதில் ஆளுக்கொரு பேச்சு. படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடியது.

என் மனைவியின் தம்பி திண்டிவனத்தில் இருக்கிறான். சைக்கிள் பைத்தியம் எனக்கு அவனிடமிருந்து தொற்றியதுதான். எங்கோ விழுந்து விரிசல் விட்ட, முகம் மூடும் கண்ணாடி நார் ஹெல்மெட் ஒன்று அவனிடம் இருப்பது நினைவு வந்து பஸ் ஏறினேன். விரிசலை விரலால் தடவினேன். ஓடு பிளந்துவிடாமல் வெள்ளை இழைகள் இழுத்துப் பிடித்திருந்தன. உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன்.

"ஒடஞ்சதுதான மாமா, அறுத்துப் பாத்துடலாம்" என்றான்.

தோட்டத்தில் உட்கார்ந்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, தூசி பறக்காமல் தண்ணீர் ஊற்றி ஊற்றி இரும்பறுக்கும் ரம்பத்தால் அறுத்தோம். அப்படியும் கையெல்லாம் அரித்தது. எட்டிப் பார்த்த அவன் மனைவி, குளிக்காமல் இரண்டு பேரும் உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஹெல்மெட் இரண்டாகப் பிரிந்தது. ஓட்டுக்கு அடியில் தெர்மாகோல் போன்ற நுரை கட்டைவிரல் பருமனுக்கு இருந்தது. அடிபட்ட இடத்தில் மட்டும் அது நசுங்கித் தட்டையாகிக் கிடந்தது. அடியை வாங்கிக்கொண்டது அந்த நுரைதான்; ஓடு அதைப் பரப்பிக் கொடுத்திருக்கிறது. இவ்வளவு நாளும் ஓட்டைப் பற்றியே படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மோவாய்ப் பக்கத்துத் துணியை உரித்தோம். அங்கே நுரையே இல்லை. மெத்தென்று கொஞ்சம் பஞ்சு, அவ்வளவுதான். அவன் அதை அமுக்கிப் பார்த்தான்.

"இத நம்பிக்கினா மாமா நான் மலையில எறங்கினேன்?"

எனக்குத் தையல் பிரித்த பிறகு அவன் தன் நண்பரிடமிருந்து கார்பன் ஹெல்மெட் ஒன்றை இரவல் வாங்கி வந்தான். ஏரிக்கரையில் வெயிலில் போட்டு ஓட்டினேன். தலையில் இருப்பதே தெரியாத லேசு. ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வியர்வைக்கு அது ஒன்றும் செய்யவில்லை. காற்று வரத் துளைகள் குறைவு. அதன் மோவாய்ப் பக்கம் விரலை விட்டுத் துழாவினேன். அதிலும் பஞ்சுதான்.

கடைசியில் மோவாய் வரை நுரை வைத்த, காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் ஹெல்மெட்டை வரவழைத்தேன். கையில் எடுத்தால் கனம் தெரியும். ஓட்ட ஆரம்பித்த சற்று நேரத்தில் கழுத்து அதை மறந்துவிட்டது.

முதல் நாள் கெடார் பக்கம் போனேன். தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது, வயலில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா வந்து, இதைப் போட்டால் மூச்சு முட்டாதா என்று கேட்டார். கழற்றிக் கொடுத்தேன். தலையில் மாட்டி இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார்.

"முட்டல சார். காதுதான் அமுங்குது" என்றார்.

உண்மைதான். எனக்கும் இடது காது அமுங்கிக்கொண்டேதான் இருந்தது.