உப்புப் பார்க்காத அண்டா

டன்போர்த் வீதியில் ஒரு கிரேக்கச் சாப்பாட்டுக் கடையில் நான் சமையல்காரன். முதலாளி கிரேக்க மலைக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். அந்தச் சின்ன ஊரில் இப்போது இருப்பவர்களைவிட ரொறன்ரோவில் இருப்பவர்கள்தான் அதிகம். இங்குள்ள எங்கள் தமிழ்ச் சனத்தைப் போலவே அவர்களுக்கும் ஓர் ஊர்ச்சங்கம், எங்களைப் போலவே அதற்குள் வெட்டுக்குத்து.

வருசத்தில் ஒருநாள் ஊர்க்கோயில் புனிதரின் திருநாளை ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் கொண்டாடுவார்கள். ஆட்டிறைச்சியையும் கோதுமையையும் ஒரே அண்டாவில் மணிக்கணக்காகக் கிண்டி, பாதிரியார் ஆசீர்வதித்த பிறகு சனத்துக்குக் கொடுப்பார்கள். வழக்கமாகச் சமைக்கும் வயதான பெண்ணுக்கு இந்த முறை ஏலாமல் போக, முதலாளி சங்கக் கூட்டத்தில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். சங்கத் தலைவர் கோபத்தில் துள்ளிக் குதித்தார்.

"எங்கட புனிதருக்கு வெளியாள் சமைக்கிறதோ?"

முதலாளிக்கும் ரோசம் வந்துவிட்டது. "சாப்பாடு பிழைச்சால் இனி நான் இந்தச் சங்கத்தின்ர வாசல்படி மிதிக்கமாட்டன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அந்தச் சனத்தை விட்டால் அவருக்கு இங்கே வேறு ஒருவரும் இல்லை. அதைக் கொண்டுவந்து என் அகப்பையில் கட்டித் தொங்கவிட்டால் நான் என்ன செய்வது? கோபம் கோபமாக வந்தது.

திருநாளன்று கோதுமை கரைந்து இறைச்சியோடு சேர்ந்து வரும் நேரம் முதலாளி ஓடி வந்தார்.

"உப்புச் சரியோ?"

"தெரியாது பொஸ். வாயில வைக்கேல்லை."

"என்ன?"

"சாமிக்குப் படைக்க முதல் எப்பிடி எச்சில் படுத்திறது?"

அவர் முகம் வெளிறிவிட்டது. கரண்டியைத் தேடி எடுப்பதற்குள் பாதிரியார் சிலுவையோடு உள்ளே வந்துவிட்டார்.

செபம் நீண்டுகொண்டே போனது. கடையில் நான் ருசி பார்த்துப் பார்த்து உப்புப் போடுகிறவன். அளவு கையில் இல்லை. கூடினால் எடுக்க முடியாதே என்று பயந்து கொஞ்சமாகத்தான் போட்டிருந்தேன். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை.

முதல் தட்டு தலைவருக்குப் போனது. முதலாளி வாசலில் போய் நின்றுகொண்டார். தலைவர் ஒரு வாய் வைத்தார். கரண்டி நின்றது. கையசைத்து என்னைக் கூப்பிட்டார்.

"உப்புக் காணாது. நீர் ருசி பாக்கேல்லையோ?"

"இல்லை. புனிதருக்கு முதல் நான் சாப்பிடக்கூடாதெண்டு விட்டிட்டன்."

தலைவர் இன்னொரு வாய் எடுத்து வைத்தார்.

"ஊரில என்ர அம்மாதான் இதைச் சமைக்கிறவா. பூசை முடியுமட்டும் விரதம், தண்ணியும் குடிக்கமாட்டா. ஒவ்வொரு வருசமும் உப்புப் பிழைக்கும். சனம் அவவைப் பழிக்கும். நான் சண்டைக்குப் போவன்."

பின் மேசையில் ஒருவர் கிரேக்கத்தில் ஏதோ சத்தமாகச் சொல்லிச் சிரித்தார். அதில் உப்பு என்ற சொல் எனக்கு விளங்கியது.

தலைவர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். அந்த மேசைக்குப் போய், சிரித்தவரின் தட்டை இன்னும் கிட்டத் தள்ளி வைத்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அங்கேயே நின்றார்.

முதலாளி வாசலை விட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.