மூன்றெழுத்துக்கு எட்டுக் கை

அப்பா இருந்தார். அம்மா இருந்தாள். அம்மாவின் தம்பி, டாக்சி ஓட்டுகிற மாமா, இருந்தார். அத்தை இருந்தாள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அவளைப் பெண் பார்க்கத்தான் ஆயக்குடியிலிருந்து ஆள் வந்திருந்தது.

வந்தவர்களில் மாப்பிள்ளை இருந்தார். மாப்பிள்ளையின் அம்மா. மாப்பிள்ளையின் அப்பா. நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது என்று, வந்த ஜீப்பின் டிரைவரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள். அவர் சட்டையில் இஞ்சி வாசம் அடித்தது.

நானும் இருந்தேன். மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். என்னை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

வீடு செண்பகனூரில், ரோட்டை ஒட்டி. முன்னால் பழக்கடை, பின்னால் வீடு. அந்தக் கடையை இப்போது நான் பார்க்கிறேன். எட்டாவதோடு நின்றவள் நான். நடந்ததை நடந்தபடி சொல்லத்தான் தெரியும்.

அத்தை அப்போது மேலே டவுனில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தாள். வத்தலக்குண்டில் ஆறு மாசம் கம்ப்யூட்டர் படித்திருந்தாள். லாட்ஜ்காரர்கள் இண்டர்நெட்டில் போட்டுக்கொள்வதற்கு ஆடுகிற படம் செய்து கொடுப்பாள். ஒரு தடவை என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாள். ஏரியில் ஒரு படகு. துடுப்பு இரண்டு முறை போடும். அவ்வளவுதான். மறுபடி முதலிலிருந்து துடுப்புப் போடும். சத்தம் கிடையாது. கரைக்கு வரவே வராது. நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன், வந்துவிடும் என்று.

அந்தப் படத்துக்கு மூன்று இங்கிலீஷ் எழுத்தில் பெயர். ஜி, ஐ, எஃப். சேர்த்துச் சொன்னால் கிஃப். அத்தை அப்படித்தான் சொல்வாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்த சார் அப்படித்தான் சொன்னாராம்.

அப்பா கம்ப்யூட்டரைத் தொட்டவர் இல்லை. படகையும் பார்த்தவர் இல்லை. ஆனால் பேரிக்காய் வாங்க வண்டியை நிறுத்துகிற அத்தனை பேரிடமும் சொல்வார். "என் தங்கச்சி செய்யுறது சும்மா படம் இல்லைங்க, ஆடுற படம். அதுக்குப் பேரு கிஃப்பு." காய் வாங்க வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டில் அது குலதெய்வத்தின் பெயர் மாதிரி ஆகிவிட்டது.

அத்தைக்கு அதற்கு முன் இரண்டு இடம் வந்தது. முதல் இடம், வேலையை விடச் சொன்னது. இரண்டாவது இடம், ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றது. அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் பிறகு ஒன்றும் வராது. இது எனக்கே தெரியும். இதுவும் தட்டிப்போனால் இனி எவன் முன்னாலும் காப்பித் தட்டோடு நிற்க மாட்டேன் என்று அத்தை அம்மாவிடம் சொல்லியிருந்தாள். சொன்னால் சொன்னதுதான், அவள்.

இந்த மாப்பிள்ளை பழனியில் ஒரு ஸ்டூடியோவில் இருந்தார். கல்யாண ஆல்பமெல்லாம் கம்ப்யூட்டரிலேயே செய்கிறவர். வேலையை விடச் சொல்ல மாட்டார் என்று அம்மாவுக்கு நம்பிக்கை. மாப்பிள்ளையை அத்தை கதவிடுக்கில் இரண்டு தடவை பார்த்தாள். நான் எண்ணினேன்.

கேசரி ஆயிற்று. பஜ்ஜி ஆயிற்று. அவர்கள் கொண்டுவந்த கொய்யாக் கூடை ஒரு பக்கம், எங்கள் பேரிக்காய்க் கூடை ஒரு பக்கம். மாப்பிள்ளையின் அம்மா நல்ல முகத்தோடுதான் கேட்டார், பொண்ணு என்ன வேலை செய்யுது என்று.

"லாட்ஜுகளுக்குக் கிஃப் படம் செஞ்சு குடுக்குறேங்க" என்றாள் அத்தை.

"ஜிஃப்பா?" என்றார் மாப்பிள்ளை.

திருத்துகிற மாதிரி சொல்லவில்லை. வெளியூரில் தன் ஊர்க்காரரைக் கண்டவர் மாதிரி முகம் மலர்ந்துதான் சொன்னார். அப்பா காதில் அது அப்படி விழவில்லை.

"எங்க வீட்டுல கிஃப்புதான் தம்பி" என்றார்.

தங்கள் ஸ்டூடியோவில் எல்லாரும் ஜிஃப் என்றுதான் சொல்வார்கள் என்று மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார். அங்கேயே விட்டிருக்கலாம். மாமா விடவில்லை.

"ஜிப்பு பேண்டுல இருக்கும் மாப்ள. இது படம்ல."

மாப்பிள்ளையின் அம்மா முகம் மாறியது. தன் மகன் டிப்ளமா படித்தவன், தப்பாகச் சொல்ல மாட்டான் என்றார். அதற்கு என் அம்மா, எங்கள் நாத்தனாரும் ஒன்றும் சும்மா படிக்கவில்லை என்றாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அம்மாவும் அத்தையும் தண்ணீர்க் குடத்துக்கு வாரத்தில் நாலு நாள் சண்டை போடுவார்கள். அன்று அம்மா அத்தைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

டிரைவர் தொண்டையைச் செருமினார். "நான் ஒண்ணு சொல்லலாங்களா? நான் அடிக்குறது இஞ்சி லோடு. மூட்டையில இங்கிலீசுல ஜிஞ்சர்னு போட்டுருக்கும். இதே ஜிதான் மொத எழுத்து. அதைப் போயி கிஞ்சர்னா சொல்றோம்?"

மாப்பிள்ளை வீட்டார் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப கிஃப்ட்டு? அதுக்கும் இதே ஜிதான். கல்யாணத்துல மொய்க்குப் பதிலாக் குடுப்பாங்கல்ல, அது என்ன ஜிஃப்ட்டா?"

கல்யாணம் என்ற சொல் வந்ததும் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எதற்கு வந்தோம் என்று அப்போதுதான் நினைப்பு வந்த மாதிரி இருந்தது.

அப்பாவுக்குப் பஞ்சாயத்துப் புத்தி. கை தூக்கச் சொன்னார். நான் எண்ண வேண்டும். நானும் ஒரு கையைத் தூக்கினேன். எண்ணுகிற ஆளுக்குக் கை கிடையாது என்று இறக்கிவிட்டார்.

கிஃப்புக்கு எங்கள் வீட்டில் நாலு பேரும் தூக்கினார்கள். அத்தை கதவோரத்திலிருந்து தூக்கினாள். ஜிஃப்புக்கு அவர்கள் நாலு பேர். மாப்பிள்ளை கடிகாரம் கட்டிய கையைத் தூக்கினார். மாப்பிள்ளையின் அப்பா அதுவரை வாயே திறக்கவில்லை. தன் சம்சாரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தூக்கினார். டிரைவர் இடது கையைத் தூக்கினார். வலது கையில் பஜ்ஜி இருந்தது.

நாலுக்கு நாலு என்றேன்.

அப்போது ரோட்டில் ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் அருவியைப் பார்க்க இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். மாமா பாய்ந்து வெளியே போனார். அவர்களுடைய பாஷை, அவர்களே சொல்லட்டும் என்றார். எல்லாரும் கடைக்கு முன்னால் போய் நின்றோம். அத்தை ஒரு தாளில் மூன்று எழுத்தையும் பெரிசாக எழுதிக் கொடுத்தாள். மாமா அதைப் பிடித்துக் காட்டினார். அப்பா ஆளுக்கு ஒரு பேரிக்காய் கொடுத்தார்.

வெள்ளைக்காரர் தாளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கிஃப் என்றார்.

அப்பா திரும்பி மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்தார். அந்தப் பார்வை முடிவதற்குள், வெள்ளைக்காரரின் மனைவி, ஜிஃப் என்றார்.

வெள்ளைக்காரர் அவரிடம் ஏதோ சொன்னார். அவரும் ஏதோ சொன்னார். கையை ஆட்டிச் சொன்னார். பேரிக்காயைக் கடித்துக்கொண்டே இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். எங்களை மறந்துவிட்டார்கள். சண்டை போட்டபடியே வளைவு வரைக்கும் போனார்கள். வளைவு தாண்டியும் கொஞ்ச நேரம் சத்தம் கேட்டது. கிஃப், ஜிஃப், கிஃப்.

பெரியவர்கள் யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து இரண்டு பேர் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பேரிக்காய்க் கூடைக்கு அந்தப் பக்கம் அத்தை. இந்தப் பக்கம் மாப்பிள்ளை. அத்தை முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். அவர் ஏதோ கேட்டார். அத்தை ஏதோ சொன்னாள். படகு என்று சொன்ன மாதிரி இருந்தது. என்னைக் கண்டதும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். எனக்குச் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. ஓசியில் இரண்டு நல்ல காய் போயிற்று.

மேகம் இறங்கத் தொடங்கியது. மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப சரிங்க. ஊருக்குப் போயிச் சொல்லி அனுப்புறோம்."

அம்மா சுவரைப் பார்த்தாள். அத்தை கேசரித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்குவதை நிறுத்திவிட்டாள்.

அப்பாவுக்கும் அந்த வார்த்தை புரிந்தது. சம்பந்தம் போனால் போகட்டும், கிஃப்பாவது நிற்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. டிரைவருக்கு இன்னொரு தட்டுப் பஜ்ஜி வைக்கச் சொன்னார். அவர் பக்கத்திலேயே போய் உட்கார்ந்து, இஞ்சி என்ன விலைக்குப் போகிறது, குடும்பத்தில் எத்தனை பேர் என்று விசாரித்தார். தம்பி தம்பி என்றார். டிரைவர் தட்டைக் காலி செய்ததும் அப்பா எழுந்து நின்றார்.

"போறதுதான் போறீங்க. ஒரு முடிவைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. பாப்பா, இன்னொரு வாட்டி எண்ணு."

மாப்பிள்ளையின் அம்மா, இதில் இன்னும் என்ன கெடக்கு என்றார். ஆனாலும் கையைத் தூக்குவதற்குத் தயாராகத்தான் இருந்தார்.

நான் நடுவில் நின்றேன். முதல் தடவை உட்கார்ந்தபடி எண்ணினேன். இந்தத் தடவை சரியாக எண்ண வேண்டும் என்று ஒவ்வொரு கையாகப் போய்த் தொட்டு எண்ணினேன். முகத்தைப் பார்க்கவில்லை. முகம் எனக்கு எதற்கு?

கிஃப் என்றார் அப்பா. கை ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று தொட்டேன். நாலாவது கையில் கடிகாரம் இருந்தது. தொட்டேன். நாலு.

ஜிஃப் என்றார் அப்பா. கண் டிரைவர் மேலேயே இருந்தது. டிரைவர் கொஞ்சம் நெளிந்தார். பிறகு, வந்த வண்டிக்கு விசுவாசமாக, கையைத் தூக்கிவிட்டார். அப்பாவின் தோள் இறங்கியது. நான் தொட்டுக்கொண்டே போனேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது கை கதவோரத்தில் இருந்தது. அதில் கண்ணாடி வளையல். நாலு.

நான் முடிவைச் சொல்லவில்லை. அதற்குள் மாப்பிள்ளையின் அப்பா சிரித்துவிட்டார். அன்று முழுக்க அவர் வாயிலிருந்து வந்த முதல் சத்தம் அது. அவர் சம்சாரம் மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தார். பிறகு அந்த அம்மா அத்தையைப் பார்த்தார். அத்தையும் தரையைப் பார்த்தாள். அந்தத் தரையில் ஒன்றுமே இல்லை. நானும் பார்த்தேன்.

மாமா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அப்பாவுக்குத்தான் கடைசியில் விளங்கியது. விளங்கியதும், டிரைவரின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். எதற்கு என்று டிரைவருக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா பையை மடியிலிருந்து இறக்கினார். அதிலிருந்து வாழை இலைப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். ஆயக்குடியிலிருந்தே கட்டிக்கொண்டு வந்த மல்லிகைப்பூ.

"வாத்தா, இங்கன வந்து உக்காரு" என்று அத்தையைக் கூப்பிட்டார். டிரைவரிடம், "மேகம் வெலகட்டும் தம்பி. வெரசாப் போயி என்ன சோலி" என்றார்.

அம்மா அடுப்பை மறுபடி பற்ற வைத்தாள். மறுபடி காப்பி. மறுபடி பஜ்ஜி. டிரைவருக்கு அது மூன்றாவது தட்டு.

இப்போது அத்தையும் அந்த மாப்பிள்ளையும் பழனியில் சொந்த ஸ்டூடியோ வைத்திருக்கிறார்கள். அத்தை இன்றைக்கும் ஜிஃப் என்கிறாள். அவர் இன்றைக்கும் கிஃப் என்கிறார். அன்றைக்கு மாற்றிக்கொண்டதை இரண்டு பேரும் திருப்பித் தரவில்லை. அவர்கள் மகன் மூன்று எழுத்தையும் தனித்தனியாகச் சொல்கிறான். ஒரு வம்பும் வேண்டாம் என்று.

அன்று ஜீப் போன பிறகு அம்மா டம்ளர் கழுவினாள். நான் துடைத்து வைத்தேன். அம்மா தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. எல்லாரும் இப்படிச் சிரிக்க என்ன நடந்துவிட்டது? யாரும் ஜெயிக்கவில்லை. ஒரு கைகூடக் கூடவில்லை, குறையவில்லை. நான் தப்பாக எண்ணியிருப்பேன் என்று நினைக்கிறார்களோ என்று சந்தேகம் வந்தது. அம்மாவிடம் விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். முதல் தடவை நாலுக்கு நாலு. இரண்டாம் தடவையும்.

நாலுக்கு நாலு.